நெஞ்சில் இரும்புத் தூசி: காந்தப் பரிசோதனை வழக்குக்கு உதவுமா?

கேள்வி: கோவையில் ஒரு ஃபவுண்டரியில் கான்ட்ராக்டர் மூலம் 16 வருடமாக ஃபெட்லிங் (வார்த்தெடுத்த காஸ்டிங்கைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்) வேலை பார்க்கிறேன். இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. "இது டி.பி., கம்பெனிக்குச் சம்பந்தமில்லை" என்கிறார் கான்ட்ராக்டர். நுரையீரலில் இருக்கும் இரும்புத் தூளைக் காந்தக் கருவியால் அளக்கலாமாமே? அந்த ரிப்போர்ட் இருந்தால் இழப்பீடு கிடைக்குமா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் கோஹன் 1973-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நெஞ்சுக்கு வெளியே கொஞ்ச நேரம் காந்தப்புலத்தைக் காட்டி எடுத்தால், உள்ளே படிந்த இரும்புத் துகள்கள் காந்தமாகிவிடும். அவற்றிலிருந்து வரும் மெல்லிய புலத்தை அளந்து தூசி எவ்வளவு என்று கணிக்கிறார்கள். வெல்டர்களிடம் சோதித்த முறை இது.

ஆனால் வழக்கை இதை நம்பி நடத்த வேண்டாம். அந்தக் கருவிக்கு இரும்பு தெரியும், மணல் தெரியாது. காஸ்டிங்கில் ஒட்டிக்கொண்டு வரும் அச்சு மணலைத்தானே நீங்கள் கிரைண்டர் வைத்துத் தேய்த்து எடுக்கிறீர்கள்? நுரையீரலைத் தழும்பாக்குவது அதிலுள்ள சிலிக்கா. அதற்குக் காந்தத்தன்மை கிடையாது. இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் பெயர் சொல்லி இருப்பதும் இந்தச் சிலிக்கா தூசியால் வரும் சிலிகோசிஸ்தான்.

டி.பி. என்றதும் ஒதுங்கிவிடாதீர்கள். சிலிகோசிஸ் வந்த நுரையீரலில் டி.பி. சுலபமாகப் பற்றும். சிலிகோசிஸ் முக்கியக் காரணமாக இருந்தால் அந்த டி.பி.யும் தொழில்நோயே என்று அந்தப் பட்டியல் இருக்கும் மூன்றாம் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. கான்ட்ராக்டர் சொல்வது பதிலே ஆகாது.

சரி, என்ன செய்வது? நெஞ்சக மருத்துவரிடம் நோயை மட்டும் சொல்லாமல், செய்கிற வேலையையும் வருடக் கணக்கையும் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரேயை ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) வகைப்பாட்டின்படி பார்த்து அறிக்கை தரச் சொல்லுங்கள். கேட் பாஸ், பி.எஃப். கணக்கு, சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஃபவுண்டரியை அபாயகரத் தொழிலாகத்தான் தொழிற்சாலைகள் சட்டம் வைத்திருந்தது. 12 மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை நடத்தி, அந்தப் பதிவைத் தொழிலாளிக்குக் காட்டுவது நிர்வாகத்தின் கடமை. உங்கள் பதிவின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். பதிவே இல்லையென்றால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அங்கேதான் மனுப் போட வேண்டும். அவர்களுடைய மருத்துவ வாரியம் பார்க்கும். இல்லாவிட்டால் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் போகலாம். கான்ட்ராக்டரோடு நிற்காமல் கம்பெனியையும் சேர்த்துப் போடுங்கள். காலக்கெடு இருப்பதால் இந்த மாதமே தொடங்குங்கள்.

டி.பி. மாத்திரை ஆரம்பித்திருந்தால் வழக்கை நினைத்து ஒருநாள்கூட நிறுத்த வேண்டாம்.