தூக்கம் வராதவர்கள் சீக்கிரம் படுக்கப் போகாதீர்கள்

கேள்வி: எனக்கு 42 வயது. ஏழெட்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. இரவு 9.30 மணிக்கே படுத்துவிடுகிறேன். ஆனால் கண் அசர 12 மணி ஆகிவிடுகிறது. 3 மணிக்கு விழிப்பு வந்தால், அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் புரண்டுகொண்டே கிடக்கிறேன். காலை 7.30 மணிக்கு எழும்போது அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. விடுமுறை நாளில் 10 மணி வரை தூங்கி ஈடுகட்டப் பார்க்கிறேன். மாத்திரை இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். உங்கள் கணக்கையே முதலில் பார்ப்போம். 9.30 முதல் 7.30 வரை, பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கிறீர்கள். தூங்குவது சுமார் ஆறு மணி நேரம். மீதி நான்கு மணி நேரமும் விழித்தபடி, தூக்கத்தோடு மல்லுக்கட்டியே போகிறது. தூக்கம் போதவில்லை என்றால் சீக்கிரம் படுக்கத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் சில வாரங்களில் சரியாகியிருக்க வேண்டிய தூக்கமின்மை மாதக்கணக்கில் நீள்வதற்கு இந்தப் பழக்கமே காரணமாகிவிடுவது உண்டு.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத் தூக்கம் கண்ணைக் கட்டும். காலை 10 மணிக்கு எழுந்தவர் இரவு 9.30 மணிக்குப் படுத்தால், பதினொன்றரை மணி நேர விழிப்புதான் சேர்ந்திருக்கும். பலருக்கு அது போதாது. அதோடு, எழும் நேரம் நாளுக்கு நாள் மாறினால் உடலின் உள்கடிகாரமும் குழம்பிவிடும்.

அதனால் முதலில் எழும் நேரத்தை நிலையாக வையுங்கள். காலை 6 மணி என்று வைத்துக்கொள்வோம். இரவு எப்படிப் போயிருந்தாலும், விடுமுறை நாளானாலும் 6 மணிக்கு எழுந்துவிடுங்கள். எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாருங்கள். இப்போது நீங்கள் தூங்குவது ஆறு மணி நேரம்தானே? படுக்கையில் இருக்கும் நேரத்தையும் அந்த அளவுக்கே குறையுங்கள். அதாவது 12 மணிக்கு முன்னால் படுக்கக் கூடாது. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதமாவது தூக்கமாக மாறும் வரை, குறைந்தது ஒரு வாரம், இப்படியே தொடருங்கள். மாறியதும், படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். வாரம் ஒருமுறை இப்படிக் கூட்டிக்கொண்டே போகலாம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அங்கே போய்ச் சேருவதுதான் நம் நோக்கம், ஆறு மணி நேரத்தோடு நின்றுவிடுவதல்ல.

முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், முன்பைவிட அதிகமாகவே அசதி தெரியும். பலரும் இந்தக் கட்டத்தில்தான் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து நீங்கள் விட்டுவிடாதீர்கள். தூக்கக் கலக்கம் இருக்கும் நாட்களில் மட்டும் வண்டி ஓட்ட வேண்டாம். வலிப்பு நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்), தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருப்பவர்களும், கனரக வண்டியோ இயந்திரமோ இயக்குபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த முறையில் இறங்கக் கூடாது.

அந்த 3 மணி விழிப்புக்கு வருவோம். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது படியுங்கள், துணி மடித்து வையுங்கள். கண் சொக்கும்போது மட்டும் திரும்பி வாருங்கள். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிப்போயிருக்கிறது, அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இவ்வளவும். கடிகாரத்தைக் கண்ணில் படாமல் திருப்பி வையுங்கள். மணி பார்த்து, "இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது" என்று கணக்குப் போட ஆரம்பித்தால் வருகிற தூக்கமும் போய்விடும்.

காபி, தேநீரை மதியத்தோடு நிறுத்துங்கள். குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். பகல் தூக்கத்தை இப்போதைக்குத் தவிருங்கள்.

நான் சொன்னவை தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் முக்கியப் பகுதிகள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதலில் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதமாக இருந்தால் நாள்பட்டது என்கிறோம். உங்களுடையது அந்த வகைதான்.

ஆனால் எல்லாத் தூக்கக் குறையும் இப்படிச் சரியாகாது. சத்தமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவது ஆகியவை உறக்க மூச்சுத்தடையின் அறிகுறிகள். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம். தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள்கூடத் தூக்கத்தைக் கெடுக்கும். இவற்றில் ஏதாவது இருந்தாலோ, ஆறு வாரம் முயன்றும் மாற்றம் தெரியாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். மனம் மிகவும் இருண்டு, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் உடனே உதவி கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்பைக் கொண்டுபோங்கள். படுத்த நேரம், ஏறக்குறையத் தூங்கிய நேரம், விழித்தது, எழுந்தது, காபி, மருந்து எல்லாவற்றையும் காலையில் எழுந்த பிறகு எழுதினால் போதும். ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுத்துவந்தால் அதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். எப்படிக் குறைப்பது என்று அவரிடமே கேளுங்கள்.