சிட்னி கவுன்சில்களின் (உள்ளாட்சி மன்றங்களின்) குறைந்த வாடகை வீட்டுத் திட்டங்கள் நர்ஸ், ஏஜ்ட் கேர் (முதியோர் பராமரிப்பு) ஊழியர் போன்றவர்களுக்கு உண்மையில் உதவுகின்றனவா?

வீடு கிடைத்தவர்களுக்கு நிச்சயம் உதவுகின்றன. கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஆனால் வீடுகள் போதவில்லை என்பதோடு பேச்சை முடித்துவிடக் கூடாது. வாடகையை எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், எத்தனை வருஷத்துக்கு அந்த வீடு குறைந்த வாடகையில் இருக்கும் என்ற இரண்டையும் கேட்க வேண்டும். நான் இங்கே ஏஜ்ட் கேரில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேர் வாடகைக் கவலையோடுதான் ஷிஃப்டுக்கு வருகிறார்கள், அதனால் இது எனக்கு ஏட்டுக் கேள்வி இல்லை.

முதலில் ஒன்று. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கவுன்சில் தானே வீடு கட்டிக் கொடுப்பது அபூர்வம். புதுக் கட்டடம் கட்டும் டெவலப்பரிடமிருந்து ஒரு பங்கை வீடாகவோ பணமாகவோ வாங்கி, லாப நோக்கில்லாமல் வாடகை வீடுகளை நடத்தும் சமூக வீட்டு வசதி நிறுவனங்களிடம் கொடுப்பதுதான் வழக்கம். அதற்கும் மாநிலத் திட்டமிடல் சட்டம் இடம் தர வேண்டும். ஒரு சில கவுன்சில்களுக்கு மட்டும் இருந்த இந்த அதிகாரத்தை 2019இல்தான் மாநிலத்தின் எல்லாக் கவுன்சில்களுக்கும் திறந்துவிட்டார்கள். நகர மையத்தை நிர்வகிக்கும் சிட்னி மாநகரக் கவுன்சில் இதில் பழைய கை. 1990களிலேயே அல்டிமோ, பிர்மான்ட், பிறகு கிரீன் ஸ்குவேர் பகுதிகளில் இது தொடங்கிவிட்டது. குடியிருப்புப் பரப்பில் 3 சதவீதம், மற்றக் கட்டடப் பரப்பில் 1 சதவீதம் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பணத்தில் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குறைந்த வாடகை வீடுகளாகவே இருக்கும். நான் மதிக்கும் முறை இதுதான்.

இதோடு மாநில அரசு 2023 டிசம்பரில் கொண்டுவந்த சலுகையை ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தப் பரப்பில் 15 சதவீதத்தைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கினால் டெவலப்பர் 30 சதவீதம் கூடுதலாகக் கட்டலாம். ஆனால் ஒதுக்க வேண்டியது 15 வருஷம்தான். அதற்குப் பிறகு அந்த வீடு சந்தைக்குப் போய்விடலாம், கூடுதலாகக் கட்டிய மாடிகளோ அப்படியே நிற்கும். இன்று பிறக்கும் குழந்தை பத்தாம் வகுப்புக்கு வரும்போது குடும்பம் மறுபடியும் வீடு தேட வேண்டும்.

அடுத்தது வாடகை. பல நிறுவனங்கள் சந்தை வாடகையில் 74.9 சதவீதம் என்று வைக்கின்றன. 75ஐத் தொடாமல் இருப்பதற்குக் காரணம் ஜிஎஸ்டி விலக்கு. கேட்க நல்ல தள்ளுபடிதான். ஒரு கணக்குப் போடுவோம். சந்தை வாடகை வாரம் 800 டாலர் என்றால் நீங்கள் கட்டுவது 599. வரிக்கு முன் வாரம் 1,300 டாலர் சம்பாதிப்பவருக்கு, வருமானத்தில் 30 சதவீதம் என்ற வழக்கமான அளவுகோல்படி தாங்கக்கூடிய வாடகை 390 டாலர். தள்ளுபடிக்குப் பிறகும் வாரம் 209 டாலர் துண்டு விழுகிறது. சந்தை ஏறினால் இந்த வாடகையும் கூடவே ஏறும், சம்பளம் ஏறாது. அதனால் வருமானத்தை அடிப்படையாக வைத்து வாடகை வாங்கும் திட்டத்தைத்தான் நான் உண்மையான உதவி என்பேன்.

என் சக ஊழியர் ஒருவர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், மேற்குச் சிட்னியில் டூங்காபியில் இருக்கிறார். வேலை நகரின் கிழக்கே பான்டை ஜங்ஷன் பக்கம். காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு இருட்டிலேயே ரயில் ஏறி, டவுன் ஹாலில் மாறி வருவார். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டை டப்பாக்களில் போட்டு, மேலே பெயர் எழுதி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குறைந்த வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்தார். இரவு ஷிஃப்டும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கான கூடுதல் சம்பளமும் (லோடிங்) சேர்ந்ததில், கணவர் சம்பளத்தோடு குடும்ப வருமானம் அந்த வீட்டுக்கான உச்சவரம்பைத் தாண்டிவிட்டது. ஆள் இல்லையென்று கூப்பிடும்போதெல்லாம் வந்து நின்றவருக்கு அந்த உழைப்பே தடையாகிவிட்டதே என்று எனக்கு ஆறவே இல்லை. கூடுதல் ஷிஃப்ட் பணத்தை வருமானக் கணக்கில் முழுதாகச் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வீடுகளுக்கான மாநில விதிகளில் அடிப்படைத் தகுதி வருமானம்தான், தொழில் இல்லை. உள்ளூரில் வேலை செய்பவருக்கு முன்னுரிமை என்று சில கவுன்சில்கள் தங்கள் கொள்கையில் சேர்த்திருக்கின்றன. துப்புரவுப் பணியாளர்களும் சைல்ட் கேர் ஊழியர்களும் அந்த வரிசையில் இருக்கிறார்களா என்று பார்த்துக் கேளுங்கள். நர்ஸ், ஆசிரியர், போலீஸ் என்பதோடு பல பேச்சுகள் நின்றுவிடுகின்றன.

விண்ணப்பிக்க நினைத்தால் கவுன்சில் கவுன்டரில் காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதி வீடுகளை எந்த நிறுவனம் நிர்வகிக்கிறது என்று கவுன்சில் இணையதளத்தில் பார்த்து நேராக அங்கே போங்கள். சமீபத்திய பே ஸ்லிப்கள், வரி மதிப்பீட்டு அறிக்கை, விசா விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். தற்காலிக விசாவில் இருப்பவர்களைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை, அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் கவுன்சில் புதிய திட்ட வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கும்போது இரண்டு பத்தியாவது எழுதி அனுப்புங்கள். நிரந்தரமா, வருமானத்தைப் பொறுத்த வாடகையா என்ற இரண்டையும் அதில் கேளுங்கள்.