டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட முதலில் டோல்கீனை வாசித்து முடிக்க வேண்டுமா?

தேவையில்லை. திருமலையில் கூட்டாளிமாரோடு வார இறுதிகளில் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் இந்த மேசை ஆட்டத்தை ஆடுகிறோம், கதையை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர் நான்தான். மேசையில் இருப்பவர்களில் பாதிப்பேர் டோல்கீனின் லார்ட் ஆஃப் த ரிங்ஸைப் படமாகப் பார்த்ததோடு சரி, அதனால் ஆட்டத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை. ஆனால் "இந்த ஆட்டமே டோல்கீனிடமிருந்துதானே வந்தது" என்று கேள்வியில் சேர்த்திருக்கிறீர்கள், அதோடு எனக்கு உடன்பாடில்லை.

எல்ஃப், குள்ளர், ஓர்க் எல்லாம் அங்கிருந்துதான், சரி. 1974இல் வந்த முதல் பெட்டியில் டோல்கீனின் குட்டை மனிதர்களை ஹாபிட் என்றே போட்டிருந்தார்கள், அவருடைய படைப்புகளின் உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்த பிறகுதான் அது ஹாஃப்லிங் ஆனது. ஆனால் விதிகளின் உள்ளே போய்ப் பார்த்தால் வேறு ஆட்கள் நிற்கிறார்கள். ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 1979இல் டன்ஜன் மாஸ்டர்களுக்கென்று எழுதிய கையேட்டின் பின்னிணைப்பில் தனக்கு உந்துதல் தந்த கதைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். டோல்கீன் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் மிக நேரடியாகப் பாதித்தவர்கள் என்று முடிவில் தனியாகச் சொல்லும் டி காம்ப், பிராட், ஹோவர்ட், லைபர், வான்ஸ், லவ்கிராஃப்ட், மெரிட் ஆகிய எழுத்தாளர்களில் அவர் இல்லை.

மந்திரவாதியை எடுத்து ஆட வருகிற புதியவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, "ஏன் அண்ணா, மந்திரத்தைப் பாவிச்சா தீர்ந்துபோகுது?" என்பது. டோல்கீனின் மந்திரவாதி காண்டால்ஃபுக்கு அப்படி எதுவும் தீர்வதில்லையே. இதற்கு விடை ஜாக் வான்ஸின் 'த டையிங் எர்த்' (1950) கதைகளில் இருக்கிறது: சூரியன் அணையப்போகிற காலம், மந்திரவாதி புத்தகத்தைத் திறந்து சில மந்திரங்களை மண்டைக்குள் திணித்துக்கொண்டு புறப்படுகிறான், ஒன்றை உச்சரித்ததும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும், ஆகவே எதை ஏற்றிக்கொண்டு போவது என்பதே உயிர்ப்பிரச்சினை. இதை ஒருமுறை வாசித்தவருக்கு அந்த விதியை விளக்க வேண்டியதே இல்லை. வெட்ட வெட்ட உடம்பு கூடிக்கொள்கிற, நெருப்புக்கு அடங்குகிற ட்ரோல் என்ற பூதமும் அப்படித்தான், போல் ஆண்டர்சனின் 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' நாவலிலிருந்து வந்தது. டோல்கீனின் ட்ரோல் வெயில் பட்டால் கல்லாகிவிடும், இது வேறு பிராணி.

அப்புறம் நம் பக்கத்திலிருந்து போன ஒன்றும் அதில் இருக்கிறது, ராட்சதன். ஆட்டத்தில் அவனுக்குப் புலித்தலை, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும், பெரும்பாலான மந்திரங்கள் அவனைத் தொடவே தொடாது. கோணேசர் மலையில் இராவணன் வெட்டை (அவன் வாளால் பிளந்ததாகச் சொல்லும் பாறைப் பிளவு) எட்டிப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தப் படத்தைக் காட்டினால் ஒப்புவார்களா? "இராவணன் சிவபக்தன் எல்லோ, ஏன் புலி?" என்று ஒரு தங்கச்சி மேசையில் நேராகவே கேட்டாள். அவள் கேட்டது நியாயம். தாயின் அந்திமக் கிரியைக்காக அவன் உண்டாக்கியது என்று நாம் சொல்கிற கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, வெறும் ஆட்கொல்லியாக இந்த ராட்சதனை நடத்த எனக்கும் மனம் வரவில்லை. அவனுடைய பலத்தைக் குறிக்கும் ஆட்ட எண்களை அப்படியே விட்டேன். புலித்தலையை எடுத்துவிட்டு, தாய்க்குக் கடன் தீர்க்கும்வரை யாரையும் கிணற்றருகே விடமாட்டேன் என்று நிற்கிற அரசனாக்கினேன். அன்றைக்கு ஒருவரும் வாளை உருவவில்லை, அவனோடு பேசியே ராத்திரி போய்விட்டது. நான் நடத்தியதில் அதுதான் மிகச் சிறந்த ஆட்டம் என்பேன்.

ஆகவே வாசிக்க விருப்பம் என்றால் வான்ஸில் தொடங்குங்கள், சிறுகதைகள்தான், ஆங்கிலம் கொஞ்சம் கடினம், பரவாயில்லை. திருடன் பாத்திரம் எடுக்கிறவர் ஃபிரிட்ஸ் லைபரைத் தேடலாம். டோல்கீனை ஆட்டத்துக்காக அல்ல, அவருக்காகவே ஆறுதலாக வாசியுங்கள். ஆடுவதற்குக் காசும் வேண்டாம்: ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில், யாரும் இலவசமாகப் பாவிக்கக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள், நான் சொன்ன ராட்சதனும் அதற்குள் இருக்கிறான். இருபது முகப் பகடை கைக்குக் கிடைக்கும்வரை ஃபோனில் உருட்டினால் போதும்.