காந்தக் காப்பும் பல் தேவதையும்

வணக்கம் ஐயா,

போலி மருத்துவம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஹாரியட் ஹால் என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். யார் அவர்? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அம்மாவுக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு காந்தக் காப்பு வாங்கிப் போட்டிருக்கிறார். வலி குறைந்துவிட்டது என்கிறார். நான் சந்தேகப்பட்டால், "அப்போ நான் பொய்யா சொல்றேன்?" என்று கேட்கிறார். என்ன சொல்வது?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

அம்மா பொய் சொல்லவில்லை. வலி குறைந்திருக்கும். குறைத்தது காப்புதானா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஹாரியட் ஹால்தான். அவரை ஒரு வரியில் கடந்தது தவறு.

1945-ல் பிறந்த அமெரிக்க மருத்துவர். விமானப் படையில் விமானிகளின் உடல்நலம் பார்க்கும் மருத்துவராகப் பணியாற்றி, கர்னலாக ஓய்வு பெற்றார். அங்கே பெண் மருத்துவர்கள் மிக அரிதாக இருந்த காலம் அது. 2008-ல் வந்த அவரது நினைவுக்குறிப்பு நூலின் தலைப்பே 'பெண்கள் பறக்கக் கூடாது' என்று பொருள்படும். ஓய்வுக்குப் பிறகுதான் எழுத வந்தார். தொடக்கத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று 'வைட்டமின் ஓ'. குடித்தால் உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்கும் என்று சொல்லி விற்ற சொட்டு மருந்து. உள்ளே இருந்தது உப்புத் தண்ணீர். நமக்கு ஆக்சிஜன் நுரையீரல் வழியாக வருகிறது, வயிறு வழியாக அல்ல. அமெரிக்க வணிக ஆணையம் வழக்குப் போட, விற்றவர்கள் 2000-ல் 3,75,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் எனக்கு அவர் முக்கியமானது 'பல் தேவதை அறிவியல்' என்று அவர் பெயர் வைத்த விஷயத்துக்காக. நம்மூரில் விழுந்த பல்லைக் கூரைமேல் எறிவோம். அமெரிக்காவில் குழந்தை அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கும். இரவில் தேவதை வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும். ஹால் சொன்னார்: முதலில் விழும் பல்லுக்கு எவ்வளவு, கடைசியில் விழும் பல்லுக்கு எவ்வளவு என்று நீங்கள் கணக்கெடுக்கலாம். பல்லைப் பிளாஸ்டிக் பையில் வைத்தால் அதிகமா, காகிதத்தில் சுற்றி வைத்தால் அதிகமா என்றும் பார்க்கலாம். அட்டவணைகள் அருமையாக வரும். காசு வைத்தது அப்பாவும் அம்மாவும் என்பது மட்டும் தெரியவராது, ஏனென்றால் தேவதை உண்டா என்று யாருமே கேட்கவில்லை.

காப்புக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வு, 2009-ல் வெளிவந்தது. மூட்டுத் தேய்மானம் உள்ள 45 பேர், 16 வாரம். வலுவான காந்தப் பட்டை, வலுக்குறைந்த காந்தம், காந்தம் நீக்கிய பட்டை, செம்புக் காப்பு என நான்கையும் ஒவ்வொருவரும் மாற்றி மாற்றி அணிந்தார்கள். வலியில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை.

அப்படியானால் அம்மாவுக்கு எப்படிக் குறைந்தது? மூட்டு வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் கடைக்கு ஓடுகிறோம். அப்புறம் அது தானாக இறங்குகிறது, பெயர் காப்புக்குப் போகிறது. இதில் அம்மாவின் அறிவுக்குறைவு எதுவும் இல்லை. எனக்குக் கழுத்து வலி வந்தபோது ஒரு தைலத்தைப் பற்றி நானும் இப்படித்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். மருத்துவர்களும் இதில் ஏமாறுவார்கள் என்று ஹால் திரும்பத் திரும்ப எழுதினார். நவீன மருத்துவத்தையும் அவர் விடவில்லை. நோய் அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் வருடா வருடம் முழு உடல் பரிசோதனை செய்துகொள்வதால் உண்மையில் பயன் உண்டா என்றும் கேட்டார். இந்த நேர்மைக்காகவே அவர் மீது எனக்குப் பெரிய மரியாதை. 2023 ஜனவரியில் காலமானார்.

சரி, அம்மா விஷயம். காப்பைக் கழற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் உடனே கேளுங்கள். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி முழங்கால் வலியைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அவரை அழைத்துப் போங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, வீட்டில் தினமும் அவரோடு சேர்ந்து செய்யுங்கள். காப்பு கையிலேயே இருக்கட்டும்.