வளர்ப்புப் பராமரிப்பு வீட்டில் பெற்ற பிள்ளையாக வளர்வது எப்படி இருக்கும்?

சொந்த வீட்டில் பாதுகாப்பாக இருக்க முடியாத குழந்தையை இன்னொரு குடும்பம் கொஞ்ச காலம் வைத்து வளர்ப்பதுதான் வளர்ப்புப் பராமரிப்பு. தத்தெடுப்பு வேறு, அது நிரந்தரம். இப்படிப் பராமரிக்கும் தம்பதிக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை இருந்தால் அதன் நிலை என்ன?

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பிள்ளைகளை விட்டுக்கொடுக்கச் சொல்வோம், இல்லையா? அதே கதைதான். ஆனால் இந்த விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று யாருக்கும் தெரியாது. வருகிற குழந்தை பயத்தோடும் கோபத்தோடும் வரலாம். அம்மாவின் நேரம் அந்தப் பக்கம் போய்விடும். வந்த குழந்தை ஏன் இப்படி அழுகிறது என்று பள்ளியில் தோழியிடம்கூடச் சொல்லக் கூடாது, அது அந்தக் குழந்தையின் அந்தரங்கம். பத்து வயதில் இது பெரிய பாரம்.

இங்கிலாந்தில் பராமரிப்பாளர்களாக ஏற்கும் முன் நடக்கும் மதிப்பீட்டில் பெற்ற பிள்ளைகளிடமும் பேசுகிறார்கள். ஒரு வீட்டில் பொதுவாக மூன்று வளர்ப்புக் குழந்தைகளுக்கு மேல் கூடாது என்று 1989 குழந்தைகள் சட்டம் வரம்பும் வைத்திருக்கிறது. பிரிட்டனில் ஒவ்வொரு அக்டோபரும் பராமரிப்பாளர்கள் பெற்ற பிள்ளைகளுக்காகவே ஒரு மாதம் கொண்டாடப்படுகிறது. நல்ல விஷயம்தான், ஆனால் தினமும் அம்மாவோடு தனியாக அரை மணி நேரம் கிடைப்பது அதைவிடப் பெரிது என்பேன்.

அப்புறம், வளர்ப்புக் குழந்தை கிளம்பியதும் பெற்ற பிள்ளைக்கு நிம்மதி என்று பலர் நினைக்கிறார்கள். கூடவே வளர்ந்த தம்பியைப் பறிகொடுத்த மாதிரி அழும் பிள்ளைகளும் உண்டு.