ஒரே வாய்க்காலுக்கு எத்தனை எழுத்து?

கேள்வி: சேரன்மகாதேவி வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுதுகிறார்: "எங்கள் ஊர் வாய்க்காலில் நீரில் படரும் அமலைச் செடி மண்டிக் கிடப்பதால் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. ஊரார் கேட்டுக்கொண்டபடி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதையே மனுவாகக் கொடுத்தார்கள். 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்ற ஒரு வரிப் பதிலோடு நின்றுவிட்டது. இன்னும் பணிந்து எழுதியிருக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். கிராம சபையில் வாசித்தபோது, 'கட்டுரை நல்லாத்தான் இருக்கு டீச்சர், நாங்க என்ன செய்யணும்னு சொல்லலியே' என்றார்கள். வாட்ஸ்அப்பில் போட்டதை ஊர்த் தம்பி ஒருவர் தம் பெயரில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். என் தமிழில் என்ன குறை? அந்த எழுத்து யாருடையது?"

பதில்: நீங்கள் இணைத்திருந்த இரண்டு பக்கங்களையும் படித்தேன். தாமிரபரணியின் பெருமையில் தொடங்கி, கார், பிசானம் என்ற இரு நெற்பருவங்களும் தவறாமல் விளைந்த பழைய நாட்களை நினைவுகூர்ந்து, ஒன்றரைப் பக்கம் கடந்த பிறகே அமலைச் செடிக்கு வருகிறீர்கள். ஓய்வாக உட்கார்ந்து படிப்பவருக்கு அந்த நடை இனிக்கும். நீங்கள் எழுதியதைப் பெற்றுக்கொண்ட மூன்று இடங்களிலும் அப்படிப் படிப்பவர் ஒருவர்கூட இல்லை என்பதுதான் சிக்கல்.

ஒரு நூலின் பாயிரத்தில், அதாவது முன்னுரையில், இருக்க வேண்டியவை என்று நன்னூல் எட்டைச் சொல்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இலக்கண நூலுக்காகச் சொன்னதுதான். ஆனால் அதில் ஆக்கியோன், கேட்போர், பயன் ஆகிய மூன்றும் ஒரு பக்க மனுவுக்கும் பொருந்தும். பள்ளிக்கூடத்தில் நாம் நுதலிய பொருளை, அதாவது எதைப் பற்றி என்பதை, மட்டும் 'தலைப்பு' என்று கொடுத்துப் பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைக்கிறோம். அங்கே கேட்போர் எப்போதும் திருத்தும் ஆசிரியர்; பயன் எப்போதும் மதிப்பெண். பல ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர் நீங்கள் என்பதால் இதைச் சொல்வதில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. ஆனாலும் உங்கள் இரண்டு பக்கமும் அந்த வாசகருக்கு எழுதியவையாகவே இருக்கின்றன.

முதலில் மனு. திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் குவியும் மனுக்களில் உங்களுடையதும் ஒன்று. மேலே 'பெறுநர்' என்று யாரைக் குறித்திருந்தாலும், அதை முதலில் கையில் எடுப்பவர் எந்தத் துறைக்கு அனுப்புவது என்று பிரிக்கும் பணியாளர். அடுத்து, இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டிய நீர்வளத்துறைப் பொறியாளர். முன்னவருக்குப் 'பொருள்' என்ற வரியே போதும்; பின்னவருக்கு இடம் தெரிய வேண்டும். ஆகவே 'வாய்க்கால் சீரமைப்பு வேண்டுதல்' என்று பொதுவாக முடிக்காமல், வாய்க்காலின் பெயர், எந்த மடையிலிருந்து எந்த மடை வரை அடைப்பு, ஊர், வட்டம், என்ன பணி, எந்தத் தேதிக்குள் என்ற அனைத்தையும் அந்த ஒரு வரிக்குள் கொண்டுவாருங்கள். அடுத்த பத்தியில் பாதிக்கப்பட்ட வயல்களின் புல எண்களும் ஏறத்தாழ எத்தனை ஏக்கர் என்பதும் வரட்டும். முன்பு கொடுத்த மனுவின் எண்ணையும் நாளையும் 'பார்வை'யில் குறிப்பிட மறக்க வேண்டாம். ஆற்றின் பெருமைக்கு இங்கே இடமில்லை.

பணிந்து எழுதுவது பற்றி: பாரதியார் 1897இல், சிறுவனாக, படிப்புக்கு உதவி கேட்டு எட்டயபுரம் அரசருக்குச் செய்யுளில் விண்ணப்பம் எழுதினார். கடையத்தில் குடியிருந்த காலத்தில், 1919இல், அதே அரண்மனைக்கு அவர் எழுதிய சீட்டுக்கவியோ (செய்யுளில் எழுதும் கடிதம்) தம் கவிதையின் புதுமையைத் தாமே எடுத்துரைத்து, பல்லக்கும் சால்வையும் பொற்பையும் உரிமையோடு கேட்கிறது. தன்னைத்தான் புகழ்தல் தகாது என்று விதிக்கும் அதே நன்னூல், புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்கள் என்று நான்கை விலக்களிக்கிறது. அவற்றுள் முதலாவது, மன்னன் அவைக்கு ஓலை எழுதும்போது. கேட்போர் யார் என்பதைப் பொறுத்து இலக்கணமே வளைந்து கொடுத்திருக்கிறது. உங்கள் பெறுநர் அரசரல்லர். நீங்கள் கேட்பது கொடையும் அன்று. 'ஐயா' என்ற விளியும் 'கேட்டுக்கொள்கிறோம்' என்ற முடிவும் போதிய மரியாதை. 'தாழ்மையுடன் காலில் விழுந்து' என்று எழுதினால் புல எண்ணுக்கான இடம்தான் வீணாகும்.

மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் எழுதலாம். அங்கே நடை தலைகீழாக மாற வேண்டும். மனுவில் காரணம்தான் உயிர். இங்கோ காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது. 'ஏன் தூர்வாரவில்லை?' என்று கேட்காதீர்கள். பொதுத் தகவல் அலுவலர் கொடுக்க வேண்டியது கையிலுள்ள ஆவணத்தை. விளக்கம் சொல்வது அவர் வேலையன்று. 'இந்த வாய்க்காலில் சென்ற நிதியாண்டில் தூர்வார ஒதுக்கிய தொகை எவ்வளவு? பணி ஆணையின் நகல் ஒன்று தருக' என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.

கிராம சபை காதால் கேட்கும் அவை. கேட்பவர் பின்னால் திருப்பிப் படிக்க முடியாது. எனவே ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, மூன்று நிமிடத்துக்குள் முடிவு. முடிவு என்பது தீர்மானத்தின் வாசகம். அதை ஊராட்சிச் செயலர் அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் வடிவில் முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். 'நாங்க என்ன செய்யணும்' என்ற கேள்விக்கு அந்த வாசகமே விடை: கை தூக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஊர்ப் பெயரும் தேதியும் செய்திக்குள்ளேயே இருக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது கரையோரத்தார்க்கு அனுப்பியது போன்ற எச்சரிக்கை, தேதியில்லாமல் மறு ஆண்டு சுற்றினால் ஊரையே கலங்கடிக்கும்.

இனி, எழுத்து யாருடையது என்ற கேள்வி. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் கிரயப் பத்திரத்தைப் பாருங்கள். 'நான் இன்னார்க்கு விற்றேன்' என்று முழுக்கப் பேசுபவர் விற்பவர்; கடைசியில் சிறிதாக, உரிம எண்ணோடு, ஆவண எழுத்தரின் பெயர் தனியே நிற்கிறது. சொன்னதற்குப் பொறுப்பு ஒருவருடையது, சொற்களைக் கோத்த வேலை இன்னொருவருடையது என்பது அந்தத் தாளிலேயே பிரிந்து கிடக்கிறது. எழுதத் தெரியாதவர் கையொப்பத்துக்குப் பதிலாக இடும் கீறலுக்குத் 'தற்குறி' என்று பெயர். அந்தக் கண்ணியமான சொல்லை நாம் வசைச் சொல்லாக்கிவிட்டது வேறு கதை.

ஆகவே மனுவில் உங்கள் பெயர் இல்லையே என்று வருந்த வேண்டாம். வயலுக்கு உரியவர்களே அங்கே ஆக்கியோர். ஆனால் கைநாட்டு வைப்பவர்களுக்கு முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டி, 'படித்துக் காட்டிச் சரியென ஒப்புக்கொண்ட பின்' என்று ஒரு வரி சேர்த்து, அதன் கீழ் நீங்கள் கையெழுத்திடுங்கள். அந்தத் தம்பி மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தால் அது அவர் உரிமை, பொறுப்பும்கூட. பத்திரிகைக்கு அனுப்பியது வேறு. அங்கே ஆக்கியோன் பெயர் என்பது 'இதை நான் எழுதினேன்' என்ற கூற்று. அது உண்மையல்ல. பதிப்புரிமைச் சட்டம், 1957இன் பிரிவு 57, எழுதியவர் தாமே ஆக்கியோன் என்று உரிமை கோர இடம் தருகிறது. ஊருக்குள் சட்டம் வரை போவது நல்லதென்று நான் நினைக்கவில்லை; அவரை அழைத்து, பத்திரிகைக்கு அவரே ஒரு திருத்தக் கடிதம் எழுதும்படி சொல்லுங்கள். ஆற்றைப் பற்றிய அந்த ஒன்றரைப் பக்கம் உண்மையில் இதழில் வரத் தக்கது; உங்கள் பெயரிலேயே வரட்டும்.

கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறப்பது வழக்கம். அதன் பிறகு வாய்க்காலுக்குள் இயந்திரம் இறங்குவது கடினம். எனவே புதிய மனு ஏப்ரலிலேயே போய்ச் சேர வேண்டும். தீர்மானத்தின் வாசகத்தை மே 1 கிராம சபைக்கு எடுத்துச் செல்லுங்கள்.