அடகுக்கு வந்த தையல் மெஷின்

கேள்வி: பிள்ளைகளின் படிப்புக்கென்று மூன்று லட்சம் சேர்த்து வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா தன் தாயின் ஒப்பரேஷனுக்கு 50,000 ரூபாய் கேட்கிறார். மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி தருவாராம், தையல் மெஷினையும் அடகாக வைத்துக்கொள்ளட்டுமாம். தையல்தான் அவருக்குப் பிழைப்பு. சந்தியில் கடை வைத்திருக்கும் அண்ணா நத்தார் வியாபாரத்துக்குச் சாமான் எடுக்க ஒரு லட்சம் கேட்கிறார். வட்டி வாங்குவது பாவம் என்று சுவாமி பிரசங்கத்தில் சொன்னார். அப்படியென்றால் வங்கி தரும் வட்டியும் பாவம்தானே என்கிறார் என் கணவர். நான் என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்: சகோதரி, உங்கள் கணவர் கேட்டது குதர்க்கம் இல்லை. இயேசு சொன்ன தாலந்து உவமையில், பணத்தைப் புதைத்து வைத்த வேலைக்காரனை எஜமான் திட்டுகிறாரே, வட்டிக்காவது போட்டிருக்கக் கூடாதா என்று? அதையும் உங்கள் கணவர் சீக்கிரம் எடுத்துக்கொண்டு வருவார், தயாராக இருங்கள்.

சுவாமி சொன்னதும் சரிதான். ஆனால் பைபிளில் விடுதலைப் பயணம் 22, லேவியர் 25 இரண்டையும் நிதானமாக வாசியுங்கள். வட்டி வாங்காதே என்று சொல்லும் இடத்தில் கடன் கேட்டு நிற்பவர் ஓர் ஏழை, நொடித்துப்போன சகோதரன். விளைச்சல் பொய்த்து, பிள்ளைகளின் வாய்க்குத் தானியம் தேடி வருகிறவர். அவருடைய கஷ்டத்தில் நீ சம்பாதிக்காதே என்பதுதான் பேச்சு.

உங்கள் பக்கத்து வீட்டு அக்கா அந்த ஆள்தான். நூற்றுக்குப் பத்து என்றால் மாதம் 5,000 ரூபாய். பத்து மாதத்தில் உங்களிடம் வாங்கிய 50,000 முழுவதும் வட்டியாகவே திரும்பி வந்திருக்கும். முதல் தொகையில் ஒரு சதமும் குறைந்திருக்காது. இதை நான் கணக்குப் புத்தகத்தில் படிக்கவில்லை. என் அம்மாவின் இரண்டு காப்பும் ஓர் அடகுக் கடையில் மூன்று வருடம் கிடந்தன. மாதா மாதம் வட்டியைக் கட்டிவிட்டு, காப்பு பத்திரமாக இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் மீட்கவே முடியவில்லை.

அப்புறம் அந்த மெஷின். இணைச்சட்டம் 24-இல் திரிகைக் கல்லை அடகு வாங்காதே என்று ஒரு வசனம் வரும். அது ஒருவரின் உயிரையே அடகு வாங்குவதற்குச் சமமாம். மாவரைக்கும் கல் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. தையல் மெஷின் உங்கள் வீட்டு மூலையில் நின்றால் அந்த அக்கா எதைத் தைத்து உங்கள் கடனை அடைப்பார்? விசுவாசத்தை ஒரு பக்கம் வையுங்கள், வெறும் வியாபாரக் கணக்கிலேயே இது உதைக்கிறது. அதே அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு: அடகுப் பொருளை எடுக்கக் கடன் வாங்கியவனின் வீட்டுக்குள் போகாதே, வெளியே நில். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

வங்கி விஷயத்துக்கு வருகிறேன். திருச்சபை வட்டியை லேசாக விட்டுவிடவில்லை. 1179-இல் ரோமில் ஆயர்கள் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், பகிரங்கமாக வட்டித் தொழில் செய்தவர்கள் அந்தப் பாவத்திலேயே இறந்தால் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்யவே கூடாது என்றது. ஆனால் ஏழைக்குக் கடன் வேண்டுமே! 1462-இல் இத்தாலியின் பெரூஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகள் முன்நின்று ஓர் அடகுக் கடையைத் தொடங்கவைத்தார்கள். வேலையாட்களின் சம்பளத்துக்கும் செலவுக்கும் மட்டும் கொஞ்சம் வட்டி. அதுவும் வட்டிதானே என்று பெரிய சண்டை நடந்தது. 1515-இல் பாப்பரசர் பத்தாம் லியோ, அது பாவமில்லை என்று முடித்துவைத்தார். கடன் கொடுத்ததால் நமக்கு வரும் நட்டத்துக்கு ஈடு வாங்கலாம் என்று இறையியலாளர்களும் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த நட்டம் என்னவென்று கொழும்பில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022 செப்டம்பரில் இங்கே விலைவாசி ஒரே வருடத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது. முந்தின வருடம் கொடுத்த ஒரு லட்சம் அப்போது வட்டியில்லாமல் திரும்பி வந்திருந்தால், அதை வைத்து பழைய விலையில் 59,000 ரூபாய்ச் சாமான்தான் வாங்கியிருப்பீர்கள். வங்கி தரும் வட்டியில் ஒரு பங்கு இந்த ஓட்டையை அடைக்கத்தான் போகிறது. அதை வாங்கியதற்காகப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓட வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

கடை அண்ணா பசிக்குக் கேட்கவில்லை, இலாபத்துக்குக் கேட்கிறார். அவரிடம் வட்டி வாங்குவதில் தவறில்லை. நிலையான வைப்புக்கு வங்கி எவ்வளவு தருகிறதோ அந்த வீதத்தை ஒட்டிக் கேளுங்கள், அல்லது இலாபத்தில் இவ்வளவு பங்கு என்று பேசுங்கள். பங்கு என்றால் வியாபாரம் படுத்தால் நட்டத்திலும் பங்கு உண்டு. அதற்கு மனம் இடம் கொடுக்காவிட்டால் வட்டியோடு நில்லுங்கள். எதுவானாலும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பழகின முகம் என்று கூச்சப்பட வேண்டாம்.

அக்காவுக்கு வட்டியில்லாமல் கொடுங்கள், மெஷின் அவர் வீட்டிலேயே இருக்கட்டும். 50,000-மும் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை. திரும்பி வராவிட்டாலும் பிள்ளைகளின் படிப்பு நிற்காத தொகை எதுவோ, அதைக் கணவரோடு இருந்து பேசி முடிவெடுங்கள். அக்காவுக்குச் சும்மா வாங்க ரோசம் தடுத்தால், உங்கள் பிள்ளைகளின் ஸ்கூல் யூனிபோர்மைத் தைத்துத் தந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கட்டும்.

நத்தார் நெருங்கினால் புறக்கோட்டையில் மொத்த விலையும் ஏறிவிடும். அதனால் கடை அண்ணாவுக்கு ஆம், இல்லை என்பதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.